நாற்பத்தியிரண்டாம் வீட்டில் அக்டோபர் முப்பது

ஆவடி குவார்ட்டர்ஸில் நாற்பத்தியிரண்டாம் எண் வீட்டுக்குள் ஒன்பது மாதமாக அக்டோபர் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை. வாசற்படிக்கு வெளியே ஜூலை மாத வெயில் அடிக்கிறது. பேப்பர்காரர் எறியும் பேப்பர் வராந்தாவில் விழுந்தால் அன்றைய பேப்பர், ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தால் பழைய பேப்பர். அந்த வீட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்பதால் கறிக்குழம்பு வெளியே வேப்பமரத்தடியில் சமைக்கப்படுகிறது. இதில் பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. இரண்டாயிரத்து முந்நூறு டிரான்சிஸ்டரும் ஒரு பெண்ணின் கோபமும்தான் காரணம். ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைப்பது நல்லது.

ஷோபனா அந்த வீட்டின் ஒரே மகள். அப்பா கார்த்திகேசன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்து ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். அம்மா பஞ்சவர்ணம் எட்டாவது வரை படித்தவள். இரண்டு பக்கச் சொந்தத்திலும் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் ஷோபனாதான். அதற்கு அரசாங்கம் முதல் பட்டதாரி என்று ஒரு சான்றிதழ் தருகிறது. அது கல்லூரிக் கட்டணத்தைக் குறைக்கும், மேனேஜரின் வாயை அடைக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்னணு போர்டுகள் செய்யும் ஒரு கம்பெனி அவளை எஞ்சினியர் என்று எடுத்தது. கையில் ஒரு பூதக்கண்ணாடி விளக்கும் உட்கார ஒரு ஸ்டூலும் கொடுத்து, மற்றவர்கள் ஈயத்தை உருக்கி சால்டர் வைத்த போர்டுகளில் குறை கண்டுபிடிக்கச் சொன்னது. மூன்று வருடம் கண்டுபிடித்தாள். பிறகு ஒரு நாள் மேனேஜர் ஜெகதீஷின் அறைக்குப் போய், தன்னை டிசைன் பிரிவுக்கு மாற்றச் சொன்னாள். சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்கு இந்த வேலை பிடிக்கும் சார் என்றும் சொன்னாள். ஜெகதீஷ் சிரித்தார். கோபப்படவில்லை, சிரித்தார், அதுதான் தப்பு.

"உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சு நீ என்னம்மா பண்ணப்போற? டிசைனுக்கெல்லாம் வேற மாதிரி காலேஜ்ல இருந்து வருவாங்க. உனக்குக் குறை கண்டுபிடிக்கிறது நல்லா வருது. அதையே பண்ணு."

அன்று சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டே ஷோபனா முடிவு செய்துவிட்டாள். உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவைப்பது, ஊரே பார்க்கிற அளவுக்குப் பெரிதாக. 1971இல் வெளிவந்த ஒரு சிப் இருக்கிறது. விரல் நகத்தைவிடச் சின்ன சில்லுக்குள் ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு டிரான்சிஸ்டர். நாலு நாலு பிட்டாகக் கணக்குப் போடும். இன்றைய போனுக்குள் இருக்கிற ராட்சதர்களுக்கெல்லாம் பூட்டன் அது. அதன் வரைபடம் இணையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கண்ணுக்கே தெரியாத அந்த ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் பதிலாக, மூன்று கால் முளைத்த, மிளகுப் பருமன் டிரான்சிஸ்டர் ஒன்றை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கி, போர்டில் சொருகி, கம்பி இழுத்தால் அதே கணக்கை அதுவும் போட்டாக வேண்டும். ஐம்பது ஐம்பதாக நாற்பத்தாறு போர்டு. ஒரு ஆள் செய்தால் ஆறு வருடம் ஆகும் என்று கணக்கு வந்தது. கம்பெனி லைனில் சால்டர் வைக்கும் ராணியிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது ராணி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"பன்னெண்டு வருசமா இதுங்க கால்ல சால்டர் வெச்சுகினு கீறேன். வவுத்துக்குள்ள இன்னா கீதுன்னு ஒரு நாள் கூட எவனும் சொன்னதில்ல. ஞாயித்துக்கெயம வரேன், உன் ஊட்டு அட்ரஸ் சொல்லு."

நெமிலிச்சேரியில் ரயில் ஏறி அவள் வந்தாள். அடுத்த ஞாயிறு லைனிலிருந்து இன்னும் ஐந்து பேரைக் கூட்டி வந்தாள். அந்த இரண்டு வருடம் நாற்பத்தியிரண்டாம் வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகள் ஈயப் புகையும் பக்கோடா வாசனையும் சிரிப்புமாகக் கழிந்தன. கார்த்திகேசன் தொழிற்சாலையில் கற்ற கையால் ஆங்கிள் சட்டங்கள் அடித்துச் சுவரில் மாட்டினார். "செவுத்துல ஓட்ட போட்டா வீட்டக் குடுக்கும்போது நாமதான் பூசிக் குடுக்கணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவரே நூற்றுப் பதினாறு ஓட்டை போட்டார். கூட்டல் கணக்குப் போடும் பகுதி ஹாலில், எண்களைப் பிடித்துவைக்கும் ரெஜிஸ்டர்கள் சமையலறையில், இன்ஸ்ட்ரக்ஷனைப் புரிந்துகொள்ளும் பகுதி படுக்கையறையில் என்று இயந்திரம் வளர்ந்தது. சாமி அலமாரிக்கு மேலே கிளாக் போர்டு. மொத்த இயந்திரத்துக்கும் அதுதான் நாடித்துடிப்பு. அது ஒரு முறை துடித்தால் மற்றவை ஒரு அடி எடுத்துவைக்கும். போர்டுகள் கூடக்கூட வீடு உள்பக்கமாகக் கொஞ்சம் நீண்டது. பதினோரு அடி ஹாலை கார்த்திகேசன் டேப் பிடித்துப் பார்த்தபோது பதினான்கு அடி இருந்தது. வெளியே அளந்தால் பழைய பதினொன்றுதான். இடம் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்த சமயம் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. சால்டர் வைத்தவர் தன் போர்டைத் தானே சரிபார்க்கக் கூடாது. போர்டின் மூலையில் ஒட்டியிருக்கும் வெள்ளை டேப்பில் வைத்தவர் ஒரு எழுத்து, பார்த்தவர் ஒரு எழுத்து போட வேண்டும். இரண்டு எழுத்து இல்லாத போர்டு மேஜையை விட்டு நகராது. ராணி அதே வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தாள். நாற்பத்தைந்து போர்டை அந்த ஆறு பெண்களும் செய்தார்கள், ஷோபனா பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். கிளாக் போர்டை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்க மனம் வராமல் அவளே செய்தாள்.

ஏப்ரல் முப்பதாம் தேதி கார்த்திகேசன் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார். ஆறு மாதம் தங்கலாம், அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும் என்று குவார்ட்டர்ஸ் அலுவலகத்திலிருந்து சண்முகசுந்தரம் என்கிற கிளார்க் தாள் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வரிசையில் பதினோரு வீடு ஏற்கெனவே காலி. பக்கத்து வீட்டில் கூரையில் அரசமரம் முளைத்து, சமையலறையில் பாம்பு குடியிருந்தது. பாம்புக்கு யாரும் தாள் கொடுக்கவில்லை. இயந்திரத்தையோ கழற்றி எடுத்துப் போக முடியாது. சுவருக்குச் சுவர் ஓடிய கம்பிகளை வெட்டினால் அது நாற்பத்தாறு துண்டுக் குப்பை. ஷோபனாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது சரியாக ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும்.

ஆகஸ்டில் எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டார்கள். விளக்குகள் எரிந்தன, பெண்கள் குலவையிட்டார்கள். ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டபோது இயந்திரம் இரண்டு என்றது. வெயில் ஏறியதும் மூன்று என்றது. பிறகு ஏழு என்றது. மறுநாள் காலையில் மறுபடி இரண்டு, பதினோரு மணிக்கு மூன்று. செப்டம்பர் முழுக்க ஷோபனா லீவு போட்டு உட்கார்ந்து தேடினாள். டிரான்சிஸ்டரை இரண்டு கம்பெனி சரக்காக வாங்கியிருந்தார்கள். வேலை ஒன்றுதான், ஆனால் ஒன்றின் கால் வரிசை மற்றதற்கு நேர் எதிர். எங்கேயோ ஒன்று திரும்பி உட்கார்ந்திருக்கிறது. நாற்பத்தைந்து போர்டையும் மூன்று முறை பார்த்துவிட்டாள். நாலாவது முறை பார்க்கும்போது வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"கண்ணைத் தெறந்து வெச்சுக்கிட்டுதான் பண்ணீங்களாக்கா? ரெண்டு சரக்கு, கால் மாறும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?"

ராணி கையிலிருந்த சால்டரிங் கம்பியை ஸ்டாண்டில் வைத்தாள். "இன்னாம்மே, எஞ்சினியர்னா தலையில கொம்பா? நாப்பத்தஞ்சுலயும் உன் கையெய்த்து கீது. அப்ப நீ இன்னாத்த பாத்த?" பையை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டபடி வாசலில் திரும்பினாள். "உனக்கு ஜெகதீசு சாரே தேவல. அந்தாளு பேரு தெரியாம கத்துவான். நீ பேரு சொல்லிக் கத்துற."

அதற்கடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு ஊரில் உள்ள லேத், லாரி, தையல் மிஷின், அரிவாள்மனை எல்லாம் ஓய்வெடுக்க வேண்டும், கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட வேண்டும். பஞ்சவர்ணம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். இன்னும் முப்பது நாள்தான் இருக்கிறது, நிறுத்த மாட்டேன் என்றாள் மகள்.

"ஆயுத பூச அன்னைக்கு ஓடுத மிஷினு உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கும். ஓடட்டும். நான் பொட்டு வச்சுட்டுப் போறேன்."

"அம்மா, ஈரம் பட்டா ஷார்ட் ஆயிடும்மா!"

"தலையிலதான வைக்கேன், காலுலயா வைக்கேன்? உங்கப்பா நட்டு போல்ட்டுக்கெல்லாம் வச்சவ நான். ஒண்ண விட்டு ஒண்ணு வச்சா சாமி குத்தம்."

ஒன்றையும் விடவில்லை. கடுகளவு சந்தனம், அதன்மேல் ஊசிமுனை அளவு குங்குமம் என்று இரண்டாயிரத்து முந்நூறு தலைக்கும் வைத்தாள். இறக்கிவைத்த சுண்டல் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று அவளைக் கேட்டால், கை வேலை தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு நேரமா என்கிறாள். கடைசியாகச் சாமி அலமாரிக்கு மேலே ஸ்டூல் போட்டு ஏறியவள் அங்கேயே நின்றாள்.

"ஏட்டி, இங்க வா. இந்த ஒண்ணுல மட்டும் சந்தனம் நிக்க மாட்டேங்கு. வச்ச நேரத்துல காஞ்சு உதிருது. மூணு தடவ வச்சுட்டேன்."

ஷோபனா ஸ்டூலில் ஏறி விரலை வைத்தாள். விரல் சுட்டது. மற்ற போர்டுகளில் எல்லாம் சந்தனம் ஈரமாக மின்னிக்கொண்டிருக்க, கிளாக் போர்டின் மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் வெந்து வெடித்த மண் மாதிரி உலர்ந்திருந்தது. கால் திரும்பிய டிரான்சிஸ்டர் சும்மாவே மின்சாரத்தைக் குடித்துச் சூடாகும், சூடாகச் சூடாக நாடி ஒரு துடிப்பு தவறும், நாடி தவறினால் ஒன்றும் ஒன்றும் மூன்றாகத்தான் ஆகும். மூலையில் இருந்த வெள்ளை டேப்பைப் பார்த்தாள். ஒரே ஒரு எழுத்து. அவள் எழுத்து. ஊரார் போர்டையெல்லாம் மூன்று தடவை பார்த்தவள் தன் போர்டை ஒரு தடவை கூடப் பிறரிடம் நீட்டவில்லை. ஷோபனா ஸ்டூலை விட்டு இறங்காமல் அங்கேயே நின்று, அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டாள். கொல்லையில் இருந்த கார்த்திகேசன் ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மெயினை அணைத்தார்.

மறுநாள் விஜயதசமி. போர்டை மடியில் வைத்துக்கொண்டு நெமிலிச்சேரிக்கு ரயிலேறினாள். ராணி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஷோபனா போர்டை நீட்டினாள்.

"தப்பு என்னுதுக்கா. நீ பாரு."

ராணி கையைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அரை நிமிஷம் ஆகவில்லை. "மூணாவது வரிசை, எட்டாவது. திருப்பி வெச்சுகீற. இத்த ஒரு கொயந்த சொல்லும்." பிறகு டேப்பைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள், பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்க்கிற சிரிப்பு. "அதானே பாத்தேன், ஒரே எய்த்துதான் கீது! கொம்பு கீறவ போர்ட எவ செக் பண்றது? வா, ஊட்டுக்குள்ள வந்து குந்து. சால்டர் அயன் காயட்டும்."

அங்கேயே கழற்றித் திருப்பி வைத்தாள், ஷோபனாவைப் பார்க்கச் சொன்னாள். அவள் ஒரு எழுத்து, இவள் ஒரு எழுத்து. பிற்பகல் மூன்று மணிக்கு ஆறு பெண்களும் நாற்பத்தியிரண்டாம் வீட்டில் இருந்தார்கள்.

ஒன்றும் ஒன்றும் இரண்டு. நாலு மணிக்கும் இரண்டு. விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வீட்டை அடுப்பு மாதிரி ஆக்கிக் கேட்டபோதும் இரண்டு. ஏழும் எட்டும் பதினைந்து என்று சமையலறையில் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று மதிப்பு வைத்த நாலு விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தபோது ராணி போட்ட கூச்சலில் வரிசை முழுவதும் ஓடி வந்தது. கேட்காதவர் இல்லை. ஐந்தும் மூன்றும், ஒன்பதும் இரண்டும், பையன் வயதும் பெண் வயதும். எண் ஹாலில் கூடி, சுவரைத் துளைத்து, கதவுக்கு மேலே நடந்து, சமையலறையில் போய் உட்காருவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பெண்கள் விளக்கின் பின்னாலேயே அறைக்கு அறை ஓடினார்கள். "தோ போது பாரு, என் போர்டு! என் போர்டுல கீது இப்ப!" என்று ஒவ்வொருத்தியும் கத்தினாள். ஷோபனாவுக்குக் காது அடைத்தது, பசி எடுத்தது, யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கையில் கிடைத்த அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். அன்று மாலையிலிருந்து அந்த வீட்டுப் பல்லிகள் கிளாக் துடிப்புக்கு ஒரு அடியாகத்தான் சுவரில் நடக்கின்றன. கிளாக்கை வேகமாக வைத்தால் ஓடுகின்றன, நிறுத்தினால் நிற்கின்றன. பூச்சிகளுக்கு இது வசதியாக இருந்தது.

மீதி நாளுக்கு ஷோபனா ஒரு புரோகிராம் எழுதினாள். பெரிதாக ஒன்றும் இல்லை, தேதி காட்டும் புரோகிராம். துடிப்பை எண்ணி, ஒரு நாள் ஆனதும் சமையலறையில் தேதியை ஒன்று கூட்ட வேண்டும். அக்டோபர் முப்பது வரை எழுதினாள். முப்பத்தொன்று பகலில் கம்பி வெட்ட ஆள் வந்துவிடும். அதற்கு மேல் எழுத அவளிடம் தேதி இல்லை. முடிவில்லாமல் விட்டால் இயந்திரம் கண்டபடி ஓடும் என்பதால், முடிந்த எண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்க இந்த மாதிரி இயந்திரங்களுக்கு எல்லோரும் எழுதுகிற கடைசி வரியை அவளும் எழுதினாள்: நின்ற இடத்துக்கே திரும்பி வா.

முப்பதாம் தேதி மூன்றுக்கு ஒன்றும் இரண்டுமாக இரண்டு விளக்கு எரிந்தது, பூஜ்யத்துக்கு விளக்கு இல்லை. பஞ்சவர்ணம் சாமிக்கு மல்லிகை வாங்கிப் போட்டாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார்கள். மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் எழுந்து நாள்காட்டியில் தாளைக் கிழித்தாள். அடியில் முப்பது இருந்தது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அதையும் கிழித்தாள். முப்பது. மல்லிகை வாடவில்லை. ராத்திரி மீந்த பால் அப்போது கறந்தது போல இருந்தது. ஷோபனா விளக்கைப் பார்த்தாள், நாள்காட்டியைப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு படிக்கு வெளியே போனாள். போனில் முப்பத்தொன்று. உள்ளே வந்தாள். முப்பது. வெளியே போனாள், உள்ளே வந்தாள், பிறகு வேப்பமரத்தடியில் நின்று குதித்தாள்.

பன்னிரண்டு மணிக்குச் சண்முகசுந்தரம் பூட்டும் இரண்டு ஆட்களும் கம்பி வெட்டும் கத்தரியுமாக வந்தார். ஹாலுக்குள் வந்து தாளை நீட்டினார். பஞ்சவர்ணம் மோர் கொடுத்தாள்.

"முப்பத்தொண்ணுன்னுதான போட்டிருக்கு? இன்னைக்கு முப்பதுல்லா. நாளைக்கு வாங்கண்ணே."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படிக்கு வெளியே போய்ப் பார்த்தார். ஏழு முறை போய் வந்தார். எட்டாவது முறை மோரைக் குடித்து முடித்துவிட்டு, உங்க வீட்ல மட்டும் எப்படிம்மா இப்படி என்று கேட்டார். ஷோபனா கூட்டிப்போய் ஒவ்வொரு போர்டாகக் காட்டி விளக்கினாள். இரண்டு மணி நேரம் கேட்டார். தன் பிறந்த வருடத்தைக் கூட்டச் சொல்லிப் பார்த்தார். மனிதர் நேர்மையானவர். நாள் வருவதற்கு முன்னால் பூட்டுப் போட விதியில் இடமில்லை. "குடியிருப்பவருக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி உள்ளது" என்று கோப்பில் எழுதினார். மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்து அதையே எழுதுகிறார். அந்த மோர் தீரவே இல்லை.

செய்தி எஸ்டேட்டுக்குப் போய் டிசம்பரில் ஜெகதீஷ் வந்தார். செருப்பைக் கழற்றி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று அறையும் சுற்றினார். முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது, அதை எழுதாமல் விடுவது நியாயம் இல்லை. கடைசியில் சாமி அலமாரிக்குக் கீழே நின்று, இதற்குள் எந்த சிப்பை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சு நீங்க என்ன சார் பண்ணப்போறீங்க?" என்றாள் ஷோபனா. ராணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், புரை ஏறிவிட்டது. வேலையை விடுகிற கடிதத்தில் ஷோபனா அன்றைய தேதியைத்தான் போட்டாள். அக்டோபர் முப்பது. கம்பெனி திருப்பி அனுப்பவில்லை.

இப்போது கார்த்திகேசனின் தலைமுடி உள்ளே இருக்கும்போது நரைப்பதில்லை, மகளின் இயந்திரத்துக்குச் சட்டம் அடிப்பதால் வெளியே போக அவருக்கு நேரமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாம்பு குடும்பத்தோடு பட்டாபிராம் பக்கம் போய்விட்டது. நாற்பத்தியிரண்டுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் உள்ள சுவரில் புதிதாக அறுபது ஓட்டை விழுந்திருக்கிறது. அடுத்தது எட்டு பிட். அதற்கு நாலாயிரத்துச் சொச்சம் டிரான்சிஸ்டர், எண்பதுக்கு மேல் போர்டு, எல்லாவற்றிலும் இரண்டு எழுத்து. ஆறு பெண்கள் பதினெட்டு ஆகிவிட்டார்கள். கொரட்டூரிலிருந்து கூட வருகிறார்கள்.

போன ஞாயிறு, அதாவது வெளியே ஞாயிறாக இருந்த அன்று, ராணி சால்டரிங் கம்பியை ஊதிக்கொண்டே கேட்டாள். "ஏம்மே, இத்தினி வேல கீதே, எப்ப முடிப்ப?"

ஷோபனா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இரண்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா அவசரம்? தேதி முப்பதுதானே ஆகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த போர்டை எடுத்தாள்.